நீலம் பாய்ந்த பைன் பலகை: மரத்தைக் கொன்றது வண்டா, பூஞ்சையா?

கேள்வி: 2024 அக்டோபர் 9, காலை

அண்ணாச்சி, வணக்கம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்த இயந்திரப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைன் பலகைகள் பாளையங்கோட்டையில் ஒரு பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைத்தன. புத்தக அலமாரி செய்யலாம் என்று இழைத்துப் பார்த்தால், பாதிப் பலகைகளில் சாம்பல் கலந்த நீலம் ஓடியிருக்கிறது. இது பட்டை வண்டு சுமந்துவரும் பூஞ்சை என்றும், கனடாவில் காடு காடாகப் பைன் மரங்களைக் கொன்றது இந்தப் பூஞ்சைதான் என்றும், வண்டு அதற்கு வெறும் வாகனம் என்றும் படித்தேன். என் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னையும் ஒரு மாவும் நிற்கின்றன. அடுத்த வயல் வரப்பு முழுக்கப் பனை. இந்தப் பலகையை வீட்டுக்குள் வைக்கலாமா, கொளுத்திவிட வேண்டுமா?

பதில்: அக்டோபர் 9, இரவு

கொளுத்த வேண்டாம் தம்பி. காய்ந்த பலகையில் இருக்கும் நீலம் தென்னைக்கும் ஏறாது, மாவுக்கும் ஏறாது. பலகைகளின் ஓரத்தில் எங்காவது பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு நீலத்தைக் காட்டிலும் பட்டையைப் பற்றித்தான் கவலை. வண்டு வெறும் வாகனம் என்ற பேச்சு ஒரு வரியில் தீர்கிற வழக்கு அன்று. அதற்குத் தனியாக வருகிறேன்.

அக்டோபர் 10

முதலில் பலகை. பேட்டையில் என் தகப்பனார் நடத்திய அறுவை மில்லைத்தான் நானும் நடத்துகிறேன். இடையில் விலங்கியல் படித்தேன். அந்தப் படிப்பு மில்லுக்குப் பயன்பட்டதைவிட இதுபோன்ற விவாதங்களுக்கே அதிகம் பயன்பட்டிருக்கிறது. பைன் வந்து இறங்கத் தொடங்கிய காலத்தில், நீலத்தைக் கண்டதும் வாங்க வந்தவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், ஆசாரிமார் கெட்டுப்போன மரம் என்று ஒதுக்கி வைப்பார்கள். தடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நடு வைரத்தில், அதாவது முதிர்ந்த உள்மரத்தில், நீலம் இராது. அதைச் சுற்றியுள்ள வெளிர்ந்த வெளிமரமான வெளிறில் மட்டும், பட்டைப் பக்கம் அகலமாகத் தொடங்கி உள்நோக்கிக் கூராகக் குவியும் ஆப்புகளாக நிற்கும். மரத்தின் மையத்துக்கும் பட்டைக்கும் இடையே குறுக்காக ஓடும் கதிர்த் திசுக்களில்தான் மரம் தன் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் சேமித்து வைக்கிறது. பூஞ்சையின் இழைகள் அந்தப் பண்டசாலை வழியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகின்றன. நீலச் சாயம் என்று எதையும் பூஞ்சை கக்குவதில்லை. அதன் இழைச் சுவரில் இருப்பது மெலனின், நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் அதே வகைப் பொருள். பழுப்பு நிற இழைகள் வெளிர்ந்த மரத்துக்குள் புதைந்திருப்பதால், ஒளி சிதறி நம் கண்ணுக்கு நீலமாகப் படுகிறது.

இந்தப் பூஞ்சைகள் உயிரணுக்களில் உள்ள சத்தைத் தின்னுமே தவிர, மரத்துக்கு உறுதி தரும் செல்லுலோசையும் லிக்னினையும் அரித்துத் தின்பதில்லை. ஆகவே பலகை சுமை தாங்கும். திடீர் அடியைத் தாங்கும் வலு மட்டும் சற்றுக் குறையலாம். நீலம் பாய்ந்த இடம் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், வார்னிஷ் அடிப்பதற்கு முன் ஒரு கோட்டு சீலர் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். கனடாவில் இதே பலகையை டெனிம் பைன் என்று பெயரிட்டு அலங்கார மரமாக விற்கிறார்கள். பேட்டையில் விலையைக் குறைத்துக் கேட்கக் காரணமாக இருந்த நீலம், அங்கே விலையைக் கூட்டிச் சொல்லக் காரணமாகிவிட்டது. இதை நம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 10, பிற்பகல்

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீலம் இருந்தாலே வண்டு இருந்தது என்று பொருளாகாது. வண்டு தொட்டே இராத மரமும், வெட்டிப் போட்டபின் ஈரத்தோடு கிடந்தால் காற்றில் வரும் வித்துகளாலேயே நீலம் பாயும். குமரி மாவட்டத்திலிருந்து வரும் ரப்பர் தடியைப் பாருங்கள். வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை ஏற்றாவிட்டால் அது சாம்பல் நீலமாகிவிடும். அங்கே வேலை செய்வது லாசியோடிப்ளோடியா என்ற வேறு பூஞ்சை. பைன் பட்டை வண்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் களத்தில் கிடந்த ரப்பர் தடியும் பைன் சட்டமும் ஒன்றாக முழுகின. தண்ணீருக்குள் கிடந்தவரை நிறம் மாறவில்லை. வடிந்தபின் அரைகுறை ஈரத்தோடு அடுக்கி வைத்த அடுக்குகளில்தான் நீலமும் கறுப்பும் படர்ந்தன. காரணம் எளிது. முழுக்க நனைந்த மரத்துக்குள் காற்று இல்லை, பூஞ்சை மூச்சுவிட முடியாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மரத்தில் தண்ணீர் இல்லை, அப்போதும் அது வளர முடியாது. இரண்டுக்கும் நடுவில்தான் அதற்குக் கொண்டாட்டம். வெளிநாடுகளில் தடிகளை நீரில் மிதக்கவிட்டும் இடைவிடாது நீர் தெளித்தும் காப்பது இதனால்தான்.

அக்டோபர் 12

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் பெருகத் தொடங்கிய மலைப் பைன் வண்டின் பெயர் டென்ட்ரோக்டோனஸ் பாண்டரோசே. நீளம் சுமார் 5 மில்லிமீட்டர், நிறம் கறுப்பு. அது பாதித்த காட்டின் பரப்பு 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

ஆரோக்கியமான பைன் மரத்தின் பட்டையை ஒரு வண்டு துளைத்தால், மரம் அந்தத் துளைக்குள் பிசினை அழுத்தத்தோடு பாய்ச்சி வண்டை வெளியே தள்ளும், அல்லது அங்கேயே மூழ்கடிக்கும். தனி வண்டால் மரத்தை வெல்ல முடியாது. ஆனால் முதலில் துளைக்கும் பெண் வண்டு, மரத்தின் பிசினிலுள்ள ஆல்பா பைனீன் என்ற பொருளையே உடலில் மாற்றி, டிரான்ஸ் வெர்பினால் என்ற அழைப்பு மணமாக வெளியிடுகிறது. தன்னைக் கொல்ல மரம் ஊற்றும் நஞ்சே ஆள் திரட்டும் மணமாகிவிடுகிறது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் வண்டுகள் வந்து இறங்குகின்றன. ஒரு சதுர மீட்டர் பட்டையில் ஏறத்தாழ 40 துளை என்ற அளவை எட்டும்போது லாட்ஜ்போல் பைன் என்ற பைன் இனத்தின் பிசின் தீர்ந்துபோகிறது. இடம் நிறைந்துவிட்டால் வெர்பினோன் என்ற வேறொரு மணம் கூடி, இங்கே இடமில்லை, அடுத்த மரத்துக்குப் போ என்று பின்னால் வருபவற்றைத் திருப்பிவிடுகிறது. அந்த வெர்பினோனைப் பைகளில் அடைத்து, காப்பாற்ற வேண்டிய மரங்களில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு.

உள்ளே போனபின் பெண் வண்டு பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மேல்நோக்கி ஒரு சுரங்கம் குடைந்து இரு கரையிலும் முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் குறுக்கே தின்றுகொண்டே போகின்றன. இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்குகிற பாதை அந்த உட்பட்டைதான். நாலு பக்கமும் குறுக்கே அறுபட்டால் மரத்துக்கு வளையமாகப் பட்டை உரித்ததற்குச் சமம்.

பூஞ்சை இந்த இடத்தில்தான் வருகிறது. வண்டின் தாடைப் பகுதியில் பூஞ்சை வித்துகளைச் சுமப்பதற்கென்றே சிறு பைகள் உள்ளன. குரோஸ்மானியா கிளாவிகெரா, ஒஃபியோஸ்டோமா மான்டியம் என்ற இரண்டும் அதில் முக்கியமானவை; முதலாவது குளிர்ச்சியை விரும்பும், இரண்டாவது வெப்பத்தைத் தாங்கும், ஆகவே பருவம் மாறினாலும் ஏதோ ஒரு துணை கைவசம் இருக்கும். இவை உட்பட்டையிலும் வெளிறிலும் படர்கின்றன. வெளிறு நீலமாகும் இடத்தில் வேரிலிருந்து ஏறும் தண்ணீர் தடைப்படுகிறது. மேலிருந்து உணவு இறங்காது, கீழிருந்து நீர் ஏறாது. அடுத்த ஆண்டு கோடையில் ஊசியிலைகள் சிவக்கும். அதற்குள் வண்டு பறந்து போயிருக்கும்.

பூஞ்சைதான் கொலையாளி என்ற கருத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சையை மட்டும் எடுத்து, மரத்தைச் சுற்றி நெருக்கமாகத் துளையிட்டுப் புகுத்தியபோது மரங்கள் செத்திருக்கின்றன. 2011இல் வெளியான குரோஸ்மானியாவின் மரபணுத்தொகுப்பு ஆய்வு, பிசினிலுள்ள டெர்பீன் நச்சுகளைத் தாங்கவும், அவற்றில் சிலவற்றை உணவாகவே பயன்படுத்தவும் அதனால் முடியும் என்று காட்டியது. ஆனால் கையால் நெருக்கமாகப் புகுத்துவது வேறு, காட்டில் நடப்பது வேறு. பல மரங்களில் வண்டு உட்பட்டையை அறுத்து, மரம் இனி மீளாது என்ற நிலை வந்தபிறகே வெளிறில் நீலம் பரவலாகத் தெரிகிறது. அந்த மரங்களில் பழியைப் பூஞ்சைமேல் போடுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அக்டோபர் 12, இரவு

சிவகிரியிலிருந்து ஒரு வாசகர் மடக்கிக் கேட்டிருக்கிறார்: பூஞ்சை கொல்லவில்லை என்றால் வண்டு அதை ஏன் பையில் வைத்துச் சுமக்கிறது? நியாயமான கேள்வி. சாப்பாட்டுக்காக. உட்பட்டையில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. பூஞ்சை வெளிறிலிருந்து நைட்ரஜனை இழுத்து உட்பட்டைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, வண்டு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருட்களையும் தருகிறது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் இளம் வண்டு பறந்து போவதற்குமுன் தன் அறையின் சுவரில் பூத்திருக்கும் வித்துகளை மேய்ந்துவிட்டுத்தான் புறப்படுகிறது. பையும் அப்போதே நிறைந்துவிடுகிறது. வாகனம் என்ற பேச்சை நான் ஏற்காதது இதனால்தான். இருவரும் ஒரே உலையில் சமைக்கிறார்கள்.

அக்டோபர் 15

நேற்று முழுதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதைப் படித்தால் வண்டும் பூஞ்சையும் எப்போதும் சுமுகமாகக் குடும்பம் நடத்துவதாகத் தோன்றும். அப்படி இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் தென்னகப் பைன் வண்டு என்று இன்னொன்று உண்டு, டென்ட்ரோக்டோனஸ் ஃபிரான்டாலிஸ். அதன் பெண் வண்டு மார்புப் பகுதியிலுள்ள பையில் நல்ல பூஞ்சைகளை வளர்க்கிறது. அவை மரத்தை நீலமாக்காதவை, புழுவுக்கு உணவாகுபவை. ஆனால் அந்த வண்டின் உடம்பில் தொற்றிக்கொண்டு சில உண்ணிகள் பயணம் செய்கின்றன. அவை தம் பங்குக்கு ஒஃபியோஸ்டோமா மைனஸ் என்ற நீலப் பூஞ்சையைச் சுமந்துவருகின்றன, ஏனெனில் அவற்றின் குஞ்சுகளுக்கு அதுதான் தீனி. அந்த நீலம் படர்ந்த இடத்தில் வண்டுப் புழு வளர முடியாமல் செத்துவிடுகிறது. வண்டியில் ஓசியில் ஏறியவன் வண்டிக்காரன் வீட்டுச் சமையலறையையே பிடுங்கிக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. வண்டின் பையிலும் சுரங்கத்திலும் வாழும் ஒரு பாக்டீரியா, அந்த எதிரிப் பூஞ்சையை அடக்கி நல்ல பூஞ்சையை விட்டுவைக்கும் ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று 2008இல் கண்டறிந்து, அந்த மருந்துக்கு மைக்காஞ்சிமைசின் என்று பெயரிட்டார்கள். நம் வழக்குக்கு இதில் முக்கியமான சாட்சி எது என்றால், நீலப் பூஞ்சை இல்லாத தென்னக வண்டுகளும் பைன் மரத்தைக் கொல்கின்றன என்பதே. அந்த வண்டின் விஷயத்தில் நீலம் வண்டுக்கே பகை. ஆகவே நீலப் பூஞ்சை கொல்கிறது, வண்டு சுமக்கிறது என்று எல்லா இனத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. என் தீர்ப்பைக் கேட்டால், கூட்டமாக வரும் வண்டு முதல் குற்றவாளி, பூஞ்சை கூட்டாளி. மரம் ஏற்கனவே தளர்ந்திருந்ததா என்ற கேள்வியை விசாரிக்காமல் இந்த வழக்கை முடிக்கக் கூடாது.

அக்டோபர் 16

தளர்ந்த மரம் என்று சொன்னதை விரிக்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கனடாவில் இந்த வண்டு புதிதாக வந்ததன்று. அது அந்த மண்ணின் பூச்சி. குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் 40 டிகிரி அளவுக்கு இறங்கிச் சில நாள் நின்றால் பட்டைக்குள் இருக்கும் புழுக்கள் பெருமளவில் செத்துவிடும். அந்தக் கடுங்குளிர் வராத ஆண்டுகள் தொடர்ந்தன. காட்டுத் தீயை அணைத்து அணைத்து, ஒரே வயதுடைய முதிர்ந்த மரங்கள் மைல் கணக்கில் நின்றன. கோடை வறட்சியில் பிசின் சுரப்பும் குறைந்தது. மூன்றும் சேர்ந்தன. ஐரோப்பாவில் 2018 வறட்சிக்குப்பின் ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் ஸ்ப்ரூஸ் காடுகளை இப்ஸ் டைப்போகிராஃபஸ் என்ற வண்டு சூறையாடியதும் ஏறத்தாழ இதே கதைதான். அது பைன் அன்று, ஆனால் பைனுக்குப் பங்காளி.

இதற்கு நேர்மாறான கதை சீனாவில் நடந்தது. டென்ட்ரோக்டோனஸ் வேலன்ஸ் வட அமெரிக்காவில் பெரும்பாலும் தளர்ந்த மரங்களிலும் வெட்டிய அடிமரங்களிலும் பிழைக்கிற சாதுவான வண்டு. 1980களில் சரக்கு மரத்தோடு சீனாவுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 1990களின் கடைசியில் ஷான்சி மாகாணத்தில் வெடித்து, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பைன்களைக் கொன்றது. அங்கே அதோடு சேர்ந்த லெப்டோகிராஃபியம் பூஞ்சை, மரத்தைத் தூண்டிக் கூடுதலான கரீன் மணத்தை வெளியிடச் செய்கிறது. அந்த மணம் மேலும் வண்டுகளை இழுக்கிறது. சொந்த ஊரில் வாலைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜோடி, அந்நிய மரத்தைச் சந்தித்ததும் குணம் மாறிவிட்டது. தம்பியின் பலகையில் பட்டை இருக்கிறதா என்று நான் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

அக்டோபர் 19

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். பட்டை இல்லை, நல்லது. சட்டத்தில் கோதுமைக் கதிர் முத்திரையும், எச்.டி. என்ற எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. 2002இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி, கப்பலில் வரும் பெட்டி, பாலட், முட்டுக்கட்டை எல்லாவற்றின் மரமும் நடு மையம்வரை 56 டிகிரி வெப்பத்தை 30 நிமிடமாவது தொடர்ந்து தாங்கியிருக்க வேண்டும், எச்.டி. என்பது அதற்கான அடையாளம். உள்ளே இருந்த புழுவும் வண்டும் அதில் செத்துவிடும். நீலம் மட்டும் போகாது, ஏனென்றால் செத்த இழைக்கும் நிறம் உண்டு. எம்.பி. என்று இருந்தால், வெப்பத்துக்குப் பதிலாக அதே விதி அனுமதிக்கும் மாற்று வழியில், மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகைமூட்டம் செய்தது. அப்படிப்பட்ட கட்டையை நான் வீட்டுச் சாமானுக்கு எடுப்பதில்லை, அடுப்புக்கும் கொடுப்பதில்லை.

அதே விதி பட்டையைப் பற்றியும் பேசுகிறது. 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பட்டைத் துண்டு எவ்வளவு நீளமிருந்தாலும் அனுமதி. அதைவிட அகலமானால் ஒவ்வொரு துண்டும் 50 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெப்பமேற்றியபிறகு ஈரப் பட்டைக்கடியில் புதிதாக வண்டு குடியேறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

விதி அப்படி, களத்தில் வருவது எல்லாம் அப்படி அன்று. முத்திரையே இல்லாத ஒரு முட்டுக்கட்டை ஒருமுறை எங்கள் மில்லுக்கு வந்தது. ஓரத்தில் கையகலத்துக்குப் பட்டை. உளியை நுழைத்து நெம்பினேன், ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. பட்டையின் உட்புறத்திலும் மரத்தின் முகத்திலும் ஒரே கோலம் பதிந்திருந்தது: நடுவில் ஒரு சிறு அறை; அதிலிருந்து மரத்தின் வாக்கிலேயே மேலும் கீழுமாகப் புறப்பட்ட மூன்று தாய்ச் சுரங்கங்கள்; அவற்றின் கரைகளில் சம இடைவெளியில் முட்டைக் குழிகள்; ஒவ்வொரு குழியிலிருந்தும் நூல் கனத்தில் தொடங்கிப் போகப் போக அகன்று ஒரு சிறு பள்ளத்தில் முடியும் புழுப் பாதை. புழுப் பாதைகளில் பழுப்புத் தூள் இறுகிக் கிடந்தது, தாய்ச் சுரங்கங்கள் மட்டும் பெருக்கித் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தன. இப்ஸ் இனத்து வண்டின் கைவேலை அது. அந்த இனத்தில் ஆண் வண்டுதான் முதலில் வந்து நடு அறையைக் குடையும். ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஒரு சுரங்கம் பிரித்துக்கொள்ளும். தூளை வெளியே தள்ளிச் சுரங்கத்தைச் சுத்தமாக வைப்பதும் அதன் வழக்கம். மூன்று சுரங்கம் என்றால் மூன்று மனைவி. எங்கள் மில் ஆசாரி அதைக் கேட்டுவிட்டு, அதனால்தான் அவன் கடல் கடந்து ஓடிவந்துவிட்டான் என்றார். உயிரோடு எதுவும் இல்லை. ஆனாலும் பட்டையை அன்றே கொதிகலன் அடுப்பில் போட்டோம்.

அக்டோபர் 23

பனை, தென்னை பற்றி. பைன் பட்டை வண்டு பனையில் குடும்பம் நடத்த முடியாது. அதற்கு வேண்டியது பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் தொடர்ச்சியாகச் சுற்றிவரும் சாறுள்ள உட்பட்டை. பனைக்கும் தென்னைக்கும் அப்படி ஒரு படலமே கிடையாது; உணவுக் குழாயும் நீர்க் குழாயும் சேர்ந்த நார்க் கற்றைகளாகத் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பனைவெட்டுக்குப் போனவர் எவருக்கும் அந்தக் கறுப்பு நார் தெரியும். பட்டை வண்டுக் கூட்டத்தில் சுமார் 6,000 இனங்கள் உண்டு. அதில் பேரீச்சங்கொட்டையைக் குடைகிற வண்டுகூட இருக்கிறது. ஆனால் பைன் பிசினுக்குப் பழகியவை பைன் குடும்பத்தையும் அதன் உறவுகளையும் விட்டு விலகுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான ஊசியிலைக் குழு மரம் ஒன்றே ஒன்றுதான், நகேயா வாலிச்சியானா. அகத்தியமலைக் காட்டில் நிற்கிறது, அதுவும் பைன் குடும்பம் அன்று. கொடைக்கானலில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் பைன்கள் நட்டு வளர்த்தவை.

தென்னையின் சிவப்புக் கூன்வண்டு, குடும்ப மரத்தில் பட்டை வண்டுக்குச் சித்தப்பா முறை. இரண்டும் கூன்வண்டுக் குடும்பம்தான். சிவப்புக் கூன்வண்டிலும் ஆண் விடும் மணத்துக்குக் கூட்டம் கூடுகிறது. அந்த மணத்தை வைத்துத்தான் நம் தோப்புகளில் வாளிப் பொறி தொங்குகிறது. ஒரு தோப்பில் பொறி வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, கனடாவிலும் பொறி வைத்தால் தீர்ந்ததே என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். தோப்புக் கணக்கு வேறு. வெடித்துப் பரவும் காலத்தில் கோடிக்கணக்கான வண்டுகள் பறக்கும் காட்டில் பொறி என்பது எத்தனை வண்டு வருகிறது என்று அறிகிற கருவி மட்டுமே. அங்கே பயன் தந்தவை காட்டில் முன்கூட்டியே சில மரங்களை வெட்டியெடுத்து மரத்துக்கு மரம் இடைவெளியைக் கூட்டுவதும், தாக்கிய மரத்தை வண்டு பறப்பதற்குமுன் வெட்டிப் பட்டையுரிப்பதும்தான்.

தம்பியின் அலமாரிக்கு நம் ஊரில் எமன் கறையான். பைனுக்கு அதை எதிர்க்கும் சரக்கு இல்லை. சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் வையுங்கள்.

நவம்பர் 3

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஓர் அன்பர் எழுதியிருக்கிறார்: கொழுந்து பறிக்கும்போது பென்சில் கனமுள்ள கிளைகள் கை பட்டதும் முறியும், முறிந்த இடத்தில் குண்டூசித் துளையும் கறுத்த வளையமும் இருக்கும், அதுவும் இந்த வண்டா?

இந்த விவாதத்திலேயே நமக்கு மிக நெருக்கமான கேள்வி இது. ஷாட் ஹோல் போரர் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். பட்டை வண்டுக் கூட்டத்திலேயே இது வேறு தொழில் பார்க்கிற பிரிவு. இது பட்டையைத் தின்பதில்லை, மரத்தையும் தின்பதில்லை. மரத்துக்குள் சுரங்கம் குடைந்து, சுவரில் பூஞ்சையைப் பயிரிட்டு அதை மட்டுமே தின்கிறது. தேயிலையில் அது வளர்க்கும் பூஞ்சை ஃப்யூசேரியம் அம்ப்ரோசியம். பெண் வண்டு இரண்டரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆண் பறக்கத் தெரியாதது, பிறந்த சுரங்கத்திலேயே சகோதரிகளோடு இணைந்து அங்கேயே மடிகிறது. ஆகவே பறந்து வெளியேறும் ஒரே ஒரு பெண் புதிய குடியை நிறுவப் போதும். பைன் வண்டுக்குக் கூட்டம் வேண்டும், இதற்கு வேண்டாம். கவாத்து செய்தபின் எழும் இளந்தண்டுகளில் இதன் தொல்லை கூடும், சுரங்கம் வளையமாக ஓடிய இடத்தில் கிளை முறியும். அன்பர் சொல்லும் அடையாளம் அச்சாக அதுதான்.

1868இல் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து இந்த வண்டுக்குப் பெயரிட்டார்கள். ஆனால் ஒரே பெயரில் உருவத்தால் பிரிக்க முடியாத பல இனங்கள் ஒளிந்திருப்பது மரபணு ஆய்வில் வெளிப்பட்டு, 2019இல் பெயர்களைத் திருத்திப் பிரித்தார்கள். அந்தக் கூட்டத்து வண்டு ஒன்றுதான் இஸ்ரேலிலும் கலிஃபோர்னியாவிலும் அவகாடோ மரங்களையும், தென்னாப்பிரிக்காவில் தெருவோர மரங்களையும் பிடித்து உலுக்கியது. ஆசியாவில் ஓரளவுக்கு அடங்கிக் கிடந்தது, அங்கே போய் அட்டகாசம் செய்தது. சீனப் பைன் கதையின் திசையைத் திருப்பிப் போட்டால் இதுதான்.

நவம்பர் 4

மேலே எழுதியதற்கு ஒரு வால். தேயிலையில் பூஞ்சை கொல்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. தண்டு முறிவதும் விளைச்சல் குறைவதும்தான் நட்டம். அவகாடோவில் அதே கூட்டத்துப் பூஞ்சை கிளையையே காய வைக்கிறது. வண்டா பூஞ்சையா என்று கேட்கும்போது எந்த மரத்தில் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

நவம்பர் 17

கடையத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: கவாத்தில் வெட்டிய தடித்த கிளைகள் தோப்பு ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் குண்டூசித் துளைகளும் வெள்ளைத் தூளும் தெரிகின்றன, மாவுக்கும் இப்படி ஒரு வண்டு உண்டா?

உண்டு அண்ணாச்சி. ஹைப்போக்ரைஃபாலஸ் மாஞ்சிஃபெரே என்ற மாம்பட்டை வண்டு மாவோடே பிறந்தது. பெரும்பாலும் காய்ந்த, தளர்ந்த கிளைகளில் பிழைத்துக்கொண்டு மரத்துக்குப் பெரிய கெடுதல் செய்யாமல் இருக்கும். செரட்டோசிஸ்டிஸ் என்ற வாடல் பூஞ்சை அதோடு சேர்ந்த இடங்களில்தான் கதை மாறியது. 1990களின் கடைசியில் ஓமானிலும், பாகிஸ்தானிலும் மாமரங்கள் திடீரென்று வாடிச் செத்ததற்கு இந்த ஜோடிதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே கொல்கிறது பூஞ்சைதான், வண்டு அதைக் காயத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பைனில் நான் மறுத்த வாகனக் கதை மாவில் ஓரளவுக்குப் பொருந்துகிறது என்பதைத் தம்பி கவனிக்கவும். வெட்டிய கிளையில் துளை கண்டதும் கலங்க வேண்டாம், செத்த கட்டையைத் துளைப்பது அதன் பிழைப்பு. ஆனால் அந்தக் குவியலை உயிருள்ள மரங்களுக்குப் பக்கத்தில் கிடக்க விடாதீர்கள், எரித்துவிடுங்கள் அல்லது தோப்புக்கு வெளியே விறகுக்குக் கொடுத்துவிடுங்கள். நிற்கிற மரங்களின் அடித்தண்டில் கோந்து வடிகிறதா, ஒரு பக்கக் கிளை மட்டும் இலை உதிராமல் காய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால், அந்த இடத்துப் பட்டையை விரலகலம் சீவிவிட்டு உள்மரத்தின் நிறம் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போடுங்கள், சீவிய கத்தியை அடுத்த மரத்தில் வைப்பதற்குமுன் நெருப்பில் காட்டிவிடுங்கள்.